மில் டீமின் பெர்மனன்ட் ஆள்

எங்கள் வீட்டில் ‘பெர்மனன்ட்’ என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல மாட்டோம். அம்மா அதைச் சொல்லும்போது ஜெபத்தில் இருப்பதுபோலக் குரல் தானாக இறங்கிவிடும். சீவலப்பேரி ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் அப்பா பதினொரு வருஷம் பதிலியாக ஓடினவர். பதிலி என்றால், பெர்மனன்ட் ஆள் யாராவது வராத நாளில் அவர் இடத்தில் நிற்கிறவர். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். கூப்பிட்டால் அன்றைக்கு வேலை. கூப்பிடாவிட்டால் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பன்னிரண்டாவது வருஷம் அப்பா பெர்மனன்ட் ஆனார். அதற்கடுத்த வருஷம் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பெர்மனன்ட் ஆன பிறகு செத்ததால் வாரிசு வேலையாக எனக்கு டைப்பிஸ்ட் உத்தியோகம் கொடுத்தார்கள். “ஒங்கப்பா ஒரு வருஷம் முந்திச் செத்திருந்தா நாம தெருவுலதாம்ட்டி” என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்ததைப் படிக்கிறவர்கள் என்னைக் கூறுகெட்டவள் என்பார்கள். முதலில் செய்ததற்கு அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாவதாகச் செய்ததற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்பிள்ளைக்குப் பாட்டோ பந்தோ ஏதாவது ஒன்று வந்துவிடும். எனக்குப் பாட்டு வரவில்லை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் கூடைப்பந்து ஆடினேன். ஐந்தடி இரண்டங்குலத்துக்கு வேறென்ன கொடுப்பார்கள்? பந்தைத் தட்டிக்கொண்டு போய் உயரமானவளிடம் சேர்க்கிற வேலைதான். அதைச் சுத்தமாகச் செய்வேன். வேலைக்குச் சேர்ந்த அன்றோடு அது முடிந்தது. மில்லில் பெண்களுக்கு டீம் கிடையாது. ஆண்கள் டீமுக்கு ஸ்கோர் எழுத ஆள் தேவைப்பட்டது. விதிகள் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பந்து கோட்டைத் தாண்டி என் காலடிக்கு உருண்டு வந்தால் எடுத்து எறிவேன். என் ஆட்டம் அவ்வளவாகச் சுருங்கிவிட்டது. அந்த மேஜையைக் கண்டாலே எரிச்சல் வரும். ஆனாலும் ஒரு மேட்சுக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை.

முதலாளிக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். பஞ்சுக் குடோனுக்குப் பக்கத்தில் சிமென்ட் தளம் போட்டு இரண்டு கம்பம் நட்டு வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை மில்களுக்கு இடையே ஒரு போட்டி நடக்கும். ஜெயித்த மில்லின் வரவேற்பறையில் அந்த வருஷம் முழுக்கக் கேடயம் இருக்கும். இரண்டு வருஷம் தொடர்ந்து பைனலில் தோற்றோம். இரண்டாவது முறை முதலாளி மூன்று நாள் மில்லுக்கே வரவில்லை. நான்காம் நாள் மேனேஜர் பாளையங்கோட்டைக்குக் கார் எடுத்துக்கொண்டு போய், ஒரு கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்ப வழியில்லாமல் இருந்த ஒருவரை அழைத்து வந்தார்.

அவர் சூடானின் தெற்குப் பக்கத்துக்காரர். ஆறடி எட்டங்குலம். படிக்க வந்த நாலைந்து வருஷத்துக்குள் அவருடைய ஊரில் சண்டை முற்றி, வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போயிருந்தது. ஊரில் இருக்கும்போதே பெரிய டீம்களில் ஆடினவர். கெய்ரோவுக்கும் நைரோபிக்கும் விளையாடப் போயிருக்கிறார். காசுக்கு ஆடுவதுதான் தன் தொழில் என்றும், கல்லூரி சும்மா நடுவில் வந்தது என்றும் சொல்வார். ஹாஸ்டலில் பையன்களோடு இருந்து எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்திருந்தார். வாட்ச்மேனைப் பார்த்து, “என்ன வே, சொகமா இருக்கீரா?” என்று அவர் கேட்டபோது அந்த மனுஷன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

மில்காரர்கள் எல்லாரும் என்னை ‘டைப் அக்கா’ என்பார்கள். என்னைவிட மூன்று வயது பெரியவரானாலும் அவரும் அப்படியே அழைத்தார். நான் அவரை அண்ணன் என்றேன். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. மில்லின் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளிதான் ஆடலாம், அதுவும் இத்தனை நாளாவது வேலைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே அவரைப் பதிலி என்று எழுதி, நம்பர் போட்ட பித்தளை டோக்கனும் கொடுத்தார்கள். காலை எட்டு மணிச் சங்குக்கு உள்ளே வந்தால் நாலு மணிச் சங்கு ஊதும்வரை வெளியே விட மாட்டார்கள். வேலை என்று எதுவும் இல்லை. குடோன் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிடும். எட்டு மணி நேரம் அப்படியே இருப்பார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். தங்கினதும் மில் குவார்ட்டர்ஸில்தான். மாலையில் வெளியே போக கேட் பாஸ் வேண்டும். அந்த பாஸை டைப் அடிப்பவள் நான், கையெழுத்துப் போடுகிறவர் மேனேஜர். பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கட்டும் என்று மேனேஜர் அறையில் பீரோவுக்குள் போயிருந்தது. வீசாவை மில் எப்படி நீட்டித்தது என்று நான் கேட்டதில்லை. கேட்கிற இடத்திலும் நான் இல்லை.

சும்மா இருக்கிற மனுஷனைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. மில்லில் டியூப் லைட்டின் மேலெல்லாம் பஞ்சுத் தூசி தொங்கும். “ஏலே, இவுகள கூப்புடுங்கலே, ஏணியே வேண்டாம்” என்று கையில் துணியைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே துடைத்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அவர் நிறத்துக்கும் அப்படியொன்றும் பெரிய தூரம் இல்லை. அதனால்தானோ என்னவோ இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

மாலை நாலரைக்குப் பந்து கைக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. முதல் நாள் பயிற்சியில் ஓடி வந்து எழும்பி, இரண்டு கையாலும் பந்தை வளையத்துக்குள் குத்தி இறக்கினார். வளையம் பலகையோடு பிய்ந்து தொங்கியது. பேட்டையில் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வெல்டிங் வைத்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த வாரமே திரும்பவும் பிய்ந்தது. மூன்றாம் முறை மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, “எத்தன மட்டம் பேட்டைக்குத் தூக்கிட்டு ஓட? பைய போடுங்க தம்பி. வளையத்துல கை வைக்காதீங்க” என்றார். அன்றிலிருந்து எங்கள் தளத்தில் அவர் வளையத்தைத் தொடவே இல்லை. எழும்பி, வளையத்துக்கு மேலே கை இருக்கும்போதே விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டு பந்தை மெல்ல உள்ளே விடுவார். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். நான் ஆடினவள், தட்டவில்லை.

அந்த வருஷம் கேடயம் வந்தது. மறு வருஷமும் வந்தது. அவர் ஆடுவதை மேஜையிலிருந்து பார்க்க வேண்டும். வளையத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். பந்து கைக்கு வரும்வரை ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலத்தான் இருப்பார். வந்த கணம் இடது தோள் ஒரு பக்கம் போகும், மொத்த உடம்பும் மறு பக்கம் திரும்பிவிடும். தடுக்கிறவன் தோளோடு போயிருப்பான். பந்து அதற்குள் வளையத்தில் இருக்கும். ஷீட்டில் அவர் நம்பருக்கு நேராகக் கோடு போட்டுக் கோடு போட்டு என் விரல் வலிக்கும். அந்த ஷீட்டுகள் போட்டிக் கமிட்டியோடு போய்விடும். அவற்றை யாரும் பாதுகாத்து வைத்ததாக எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேடயம் வந்து ஏழெட்டு மாதம் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கெய்ரோவில் ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த அவருடைய பழைய தோழர் எழுதியிருந்தார். உயரமான ஆள் ஒருவரைக் கிளப் தேடுகிறது, உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சீசன் தொடங்குமுன் வந்து ஆடிக் காட்டினால் எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து காட்டினார். கையெழுத்தில் பதில் எழுதினால் மரியாதையாக இருக்காது, டைப் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அடித்துக் கொடுத்தேன்.

“இப்ப எனக்கு இருபத்தேழு அக்கா. முப்பது ஆனா ஒருத்தனும் கூப்புட மாட்டான். இதான் கடைசி பஸ்” என்றார். சொல்லும்போது சிரிப்பு இல்லை. மில்லுக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவர் தனக்காக ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, திக்கென்றும் இருந்தது. போய் ஆடிக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்றால்? பதிலி ஒரு வாரம் வராவிட்டாலே டோக்கனைப் பிடுங்கிக்கொள்வார்கள். கெய்ரோவும் இல்லை, மில்லும் இல்லை என்று ஆகிவிட்டால் இந்த மனுஷன் எந்த ஊரில் போய் நிற்பார்? பெர்மனன்ட் ஆளுக்கு அந்தக் கவலை கிடையாது. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் போகலாம். எங்கள் ஸ்பின்னிங்கில் ஒருவர் அப்படி துபாய்க்குப் போய்ப் பிடிக்காமல் திரும்பி வந்து அதே மெஷினில் நின்றார். ஆகவே அண்ணன் பெர்மனன்ட் ஆகிவிட்டால் போதும், தைரியமாகப் போகலாம் என்று என் புத்திக்குப் பட்டது. கேட்டால் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார் என்று அவரிடம் சொல்லவே இல்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

“ரெண்டு கேடயம் வாங்கித் தந்திருக்காவ. இன்னும் பதிலியாவே வச்சிருந்தா ஊரு சிரிக்கும் சார்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “நல்ல யோசனை சொன்னம்மா. எனக்குத் தோணாமப் போச்சே” என்றார்.

இரண்டு நாளில் வரைவு என் மேஜைக்கு வந்தது. எல்லோருக்கும் போடுகிற அதே ஒப்பந்தம்தான். ஐந்து வருஷத்துக்கு நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது என்று எட்டாவது பத்தியில் இருக்கும். என் ஆர்டரிலும் அது உண்டு, அப்பாவின் ஆர்டரிலும் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பூட்டாக நினைத்ததே இல்லை. ஐந்து வருஷம் நம்மை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்றுதான் படிப்போம். அம்மா அந்தப் பத்தியைத்தான் விரலை வைத்து இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். அண்ணனின் வரைவில் ‘வேலை செய்யவோ’ என்பதற்குப் பக்கத்தில் மேனேஜர் பென்சிலால் ‘விளையாடவோ’ என்று சேர்த்திருந்தார். விளையாட்டுக்காரர் என்பதால் கௌரவமாகச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதையும் அடித்தேன். இன்று இதை எழுதும்போதுகூட என் கையை நானே கிள்ள வேண்டும் போல இருக்கிறது.

முதலாளி மாலை வாங்கி வரச் சொன்னார். கேன்டீனில் லட்டு போட்டார்கள். ஆபீஸில் எல்லாரும் சுற்றி நிற்க, அண்ணன் முன்னால் தாளை வைத்தார்கள். மாலை அவருடைய கழுத்துக்குச் சின்னதாக இருந்தது. பேனாவைக் கையில் எடுத்தவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“போடலாமா அக்கா?”

“போடுங்க அண்ணன். இனிம கவலையே இல்ல.”

போட்டார். முதல் லட்டை அவர் வாயில் ஊட்டினவள் நான்தான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவள் கண் கலங்கி, “எங்கயோ பெத்த பிள்ளைக்கு இங்கன ஒரு வழி பெறந்திட்டு” என்று ஸ்தோத்திரம் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துக் கெய்ரோவிலிருந்து கிளப்பின் கடிதமே வந்தது. வரலாம், ஆனால் இப்போது ஆடுகிற அணியிடமிருந்து ரிலீஸ் லெட்டர் வேண்டும், அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் என் மேஜை, எல்லாம் கேட்டது.

“இன்டர்மில் போட்டி வருது, போறேங்கீங்களே தம்பி. பெர்மனன்ட் ஆக்கியிருக்கோம்லா. எட்டாவது பாரா பாருங்க.”

“லீவு தாங்க சார். போயிட்டு வந்துருவேன்.”

“லீவுல போயி வேற டீமுக்கு ஆடுவீங்களோ? அது எப்படி?”

வெளியே வந்தவர் என் மேஜைப் பக்கம் திரும்பாமலே போனார். எழுந்து உள்ளே போய், நான் அதற்காகவா கேட்டேன் என்று மேனேஜரிடம் கத்தினேன். அவர் கத்தவில்லை. “நீதானம்மா வந்து கேட்ட? நானா கேட்டேன்? போயி வேலையப் பாரு” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

போலீஸுக்குப் போயிருக்கலாமே, வக்கீலைப் பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். அவர் இந்த ஊரில் இருப்பதற்கே பொறுப்புக் கையெழுத்து மேனேஜருடையது. யாரிடம் போய் என்ன சொல்வது?

அந்த வருஷப் போட்டிக்கு முந்தின பயிற்சிகளுக்கு அவர் வரவில்லை. ஆடாத ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அப்படியே போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். பெர்மனன்ட் ஆளை அப்படியெல்லாம் அனுப்ப மாட்டார்கள். பதிலியாக இருந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்தவர்கள், பெர்மனன்ட் ஆன பிறகு ஏதாவது ஒரு பிரிவில் இருக்க வேண்டும் என்று கார்டிங்கில் ஷிப்டு போட்டார்கள். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற இடம் அது. உள்ளே ஐந்து நிமிஷம் நின்றால் மூக்கு அடைத்துவிடும். நாலு மணிக்கு வெளியே வரும்போது அவர் தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். முழங்கால் வேறு வலிக்கத் தொடங்கியிருந்தது. சிமென்ட் தளத்தில் இரண்டு வருஷம் குதித்ததன் வலி.

பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் தளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பந்து உருண்டு போனது. எடுத்து எறிவார் என்று பார்த்தேன். தட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பிறகு என்னிடம், “கை கேக்கல அக்கா” என்றார். எனக்கு அது தெரியாதா?

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மேனேஜருக்குத் தினமும் சாயங்காலம் மூன்றரைக்கு ஒரு ஃபைல் போகும். அன்றைக்கு டைப் அடித்த கடிதமெல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், முப்பதுக்குக் குறையாது. பஞ்சு வியாபாரிக்கு ஒன்று, மின்சார ஆபீஸுக்கு ஒன்று, கேட் பாஸ் பத்து. அவர் எதையும் படிக்க மாட்டார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகக் கீழ்முனையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே போட்டுக்கொண்டு போவார். கையெழுத்தானதும் முத்திரை குத்துவது என் வேலை. அப்பா பதிமூன்று வருஷம் உழைத்த மில், நான் வாரிசு, தப்பு செய்ய மாட்டேன் என்கிற நம்பிக்கை.

அண்ணனிடம் சொன்னேன். ரிலீஸ் லெட்டரை நானே அடித்து நடுவில் செருகுகிறேன் என்றேன். “ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதே அக்கா?” என்று கேட்டார். ஆகாது என்றேன். வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கிற நாள் அடுத்த வாரம் வந்தது. அன்றைக்குப் பாஸ்போர்ட் அவர் கைக்கு வரும். லெட்டர் மட்டும் இருந்தால் அப்படியே ரயில் ஏறிவிடலாம். நாளைக்கு நாலு மணிக்குத் தளத்தின் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லெட்டர் நாலு வரிதான். ஒரு பிழையில்லாமல் அடித்தேன். ஃபைலில் பதினெட்டாவதாக வைத்தேன். மூன்றரைக்கு உள்ளே போனேன்.

மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னலுக்கு வெளியே அண்ணன் வந்து நிற்பது தெரிந்தது. ஷிப்டு முடியுமுன்பே எப்படியோ வந்துவிட்டிருந்தார். மேனேஜர் வழக்கம்போல எதையும் படிக்கவில்லை. பத்து, பதினொன்று. இது தெரிந்துபோனால் அன்றைக்கே என்னை வெளியே தள்ளுவார்கள். அம்மாவுக்கு வேறு கதி கிடையாது, தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தூக்குவாளியோடு கேட்டுக்கு வெளியே நிற்கிற அப்பாவின் முகம் வந்துவிட்டது. அது வராமல் இருந்திருக்கலாம். பதினாறு. பதினேழு.

பதினெட்டாவது தாளின் முனையைத் தூக்கவில்லை. அதையும் அடுத்ததையும் சேர்த்துப் பிடித்து, “இதுல ஒரு பிழை இருக்கு சார், நாளைக்கு அடிச்சித் தாரேன்” என்று உருவி மார்போடு பிடித்துக்கொண்டேன். மேனேஜர் தலையைக்கூடத் தூக்கவில்லை. மிச்சத்தையும் போட்டு முடித்தார். தூக்கிக் காட்டியிருந்தால் போட்டிருப்பார். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இத்தனை வருஷம் இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

வெளியே போய், “கையெழுத்து ஆகல அண்ணன்” என்றேன். “பரவால்ல அக்கா. நீங்க அழாதீங்க” என்றார். அப்போதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது. மறுநாள் திரும்பச் செருகியிருக்கலாம். அந்த வாரம் முழுக்கத் தினமும் மூன்றரைக்கு உள்ளே போனேன். தினமும் நாளைக்கு என்று நினைத்தேன். வாரம் முடிந்தது, பதிவு நாளும் போய்ப் பாஸ்போர்ட் பீரோவுக்குத் திரும்பியது, மாதமும் முடிந்தது. கிளப் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டதாகத் தோழர் எழுதினார்.

அதன் பிறகு மில்லில் நாலு வருஷம். பகலில் கார்டிங், சாயங்காலம் பந்து. இன்னும் இரண்டு கேடயம் வந்தது. முழங்காலுக்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடினார். குதிப்பது வருஷத்துக்கு வருஷம் குறைவதை மேஜையில் இருக்கிற எனக்குத்தான் முதலில் தெரிந்தது. முதலில் விரல் வளையத்துக்கு மேலே போகாமல் ஆயிற்று, பிறகு வளையத்தையே எட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கோர் மட்டும் எழுதினேன். எங்கள் பேச்சும் சாப்பாடு ஆயிற்றா, மழை வருமா என்ற அளவில் நின்றுவிட்டது. கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் மில்லை மூடினார்கள். முதலாளி வேறு தொழிலுக்குப் போனார். மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கம் போனார். பீரோவைக் காலி செய்தபோது பாஸ்போர்ட் அண்ணன் கைக்கு வந்தது. நைரோபியில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது என்று தகவல் கிடைத்திருந்தது, அங்கே போகிறேன் என்றார். முப்பத்திரண்டு வயது. இனி யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைக்கலாம் என்றார். அதற்கு இங்கே இத்தனை வருஷம் ஆடினதாகச் சர்டிபிகேட் வேண்டும்.

கடைசி நாட்களில் எல்லாருக்கும் சர்டிபிகேட் அடித்துக்கொண்டிருந்தேன். கணக்கை முடிக்க வந்திருந்த ஆபீசர் கண்டிப்பானவர். ரெஜிஸ்டரில் உள்ளதைத் தவிர ஒரு சொல் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஒவ்வொரு தாளையும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார். ரெஜிஸ்டரில் பந்து என்ற சொல்லே கிடையாது. ‘இவர் எங்கள் ஆலையில் கார்டிங் பிரிவில் தொழிலாளியாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்’ என்றுதான் அடிக்க முடிந்தது.

அவர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். முதல் வரியிலிருந்து ஆபீசரின் முத்திரைவரை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“வெளையாட்டு இல்லையே அக்கா.”

“ரெஜிஸ்டர்ல இல்ல அண்ணன்.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு அந்த லெட்டர ஃபைலுக்குள்ள வச்சீங்களா?”

“வச்சேன்” என்றேன்.

வைத்தது உண்மைதான். எடுத்ததை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல இரண்டு மூச்சு நேரம் இருந்தது. அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது, நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

“அது போதும் அக்கா. எனக்காவ இந்த ஊருல ஒரு ஆளு வச்சீங்கல்லா” என்றார். வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.

வரிசையில் அடுத்து நின்றவர் தன் டோக்கன் நம்பரைச் சொன்னார். மெஷினில் புதுத் தாளைச் சுற்றி அவருக்கு அடிக்கத் தொடங்கினேன்.